துணி எந்த டையிங்கில் நிற்கிறது? பனியன் கம்பெனி ஊழியர் தன் வேலைக்குத் தானே ஆப் செய்ய முழு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் ஒரே கூரையின் கீழ் முடிவது அபூர்வம். நூல் நிட்டிங்குக்குப் போகும். அங்கே பின்னிய, சாயம் ஏறாத கிரே துணி டையிங்குக்கு, அதாவது சாயப் பட்டறைக்குப் போகும். அங்கிருந்து சுருக்கத்தைச் சரிசெய்யும் காம்பாக்டிங், அதற்கப்புறம்தான் கட்டிங் டேபிள். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), ஒவ்வொரு டி.சி.க்கும் இரண்டு மூன்று போன். "நேவி கலர் எவ்வளவு வந்திருக்கு, எவ்வளவு பாக்கி?" என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கேட்டால், ஃபேப்ரிக் இன்சார்ஜ் டி.சி. புக்கைப் புரட்டி, வாட்ஸ்அப்பில் படம் தேடி, டையிங்குக்கு அடித்துக் கேட்டு, அரை மணி கழித்துப் பதில் சொல்வார். அதே கேள்வியை மதியம் பிளானிங் கேட்கும், சாயங்காலம் முதலாளி கேட்பார்.

இந்த ஒரு கேள்விக்கு உடனே பதில் தரும் ஆப்பை, வெளி ஆள் யாரும் இல்லாமல், டி.சி. எழுதுகிற ஊழியரே செய்துகொள்ள முடியும். அவர்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. 500 கிலோ போன துணி மூன்று தவணையாகத் திரும்பும், அதில் ஒரு பகுதி ஷேட் (சாயத்தின் நிறம்) சரியில்லை என்று மறுபடி டையிங்குக்கே போகும், கடைசியில் சில கிலோ வரவே வராது. இதையெல்லாம் வெளியிலிருந்து வரும் புரோகிராமருக்குச் சொல்லிப் புரியவைக்கவே பல நாள் ஆகும். இன்சார்ஜுக்கு இது தினசரி வேலை. மென்பொருளில் கடினமான பகுதி இந்த அறிவுதான். திரையும் பட்டனும் இப்போது எளிதாகிவிட்டன.

கணக்குப் போடுகிறவரே கணிப்பொறிக்கு வேலை சொல்லும் வழக்கம் பழையதுதான். 1979-ல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு வந்த விசிகால்க் என்ற ஸ்பிரெட்ஷீட் மென்பொருள்தான் அதைத் தொடங்கிவைத்தது. அதன் யோசனை, ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்தபோது டேன் பிரிக்லினுக்குத் தோன்றியது. அன்று முதல் அலுவலகங்களின் உண்மையான கணக்கில் பெரும்பகுதி, ஐ.டி. துறை பார்க்காத ஷீட்களில்தான் நடக்கிறது. அதையே ஒழுங்காகச் செய்வது எப்படி என்றுதான் இங்கே பார்க்கப் போகிறோம். ஷீட்டில் கூட்டல் ஃபார்முலாவும் ஃபில்டரும் போடத் தெரிந்தால் போதும், மீதியைப் போகப் போகப் பழகிக்கொள்ளலாம்.

முதல் படி: எந்த வேலையை எடுப்பது, எதைத் தொடக்கூடாது

உங்களுக்கு எரிச்சல் தரும் வேலைகள் பத்து இருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். அது தினமும் நடக்கிற வேலையாக இருக்க வேண்டும். அதற்கான தகவல் ஏற்கெனவே எங்கேயோ ஒரு நோட்டிலோ புக்கிலோ எழுதப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆப் ஒரு நாள் வேலை செய்யாமல் போனாலும் கம்பெனி நிற்காமல் ஓட வேண்டும். துணி எங்கே நிற்கிறது என்ற கணக்கு இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது.

சம்பளம், பி.எஃப்., ஜி.எஸ்.டி. தாக்கல், பார்ட்டிக்கு (வேலை செய்து தரும் டையிங் போன்ற நிறுவனத்துக்கு) பணம் பட்டுவாடா ஆகியவற்றை முதல் ஆப்பாக எடுக்காதீர்கள். ஒரு ஃபார்முலா தப்பினால் பாதிக்கப்படுவது இன்னொருவரின் சம்பளம். அதற்கென்று சோதிக்கப்பட்ட மென்பொருள் இருக்கிறது.

கையில் இருக்கும் மென்பொருளிலேயே இந்த வசதி இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். கணக்கு மென்பொருளான டேலி பிரைமில் ஜாப் ஒர்க்குக்கென்றே (வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கென்றே) மெட்டீரியல் அவுட், மெட்டீரியல் இன் வவுச்சர்கள் உண்டு. உங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவு அதை அன்றன்றைக்குப் பதிந்தால், அதிலிருந்து ஒரு ரிப்போர்ட் எடுத்தாலே போதும், ஆப் தேவையே இல்லை. பல இடங்களில் டி.சி.கள் கட்டாகச் சேர்ந்து, வாரக் கடைசியில்தான் அக்கவுன்ட்ஸ் மேஜைக்குப் போகும். துணி கோடவுனில் இறங்கும் நேரத்தில் அங்கே நிற்பவர் கையில் இருப்பது போன். உங்கள் கம்பெனியிலும் நிலை அதுவாக இருந்தால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: கணிப்பொறியைத் திறப்பதற்கு முன் டி.சி. புக்கைத் திறங்கள்

சமீபத்தில் முடிந்த ஒரு ஆர்டரின் எல்லா டி.சி.களையும் எடுத்து மேஜையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள்: தேதி, எண், பார்ட்டி, கலர், டயா (துணியின் அகலம்), ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ரோல், கிலோ, வண்டி நம்பர். எப்போதும் நிரப்பப்பட்டவை எவை, எப்போதும் காலியாகவே கிடப்பவை எவை என்று பார்த்தாலே உங்கள் ஃபார்மில் பாதி முடிவாகிவிடும். அச்சடித்த கட்டம் காலியாகவே கிடக்கிறது என்றால் அந்தத் தகவல் யாருக்கும் தேவைப்படவில்லை. அதை ஆப்பில் சேர்க்காதீர்கள்.

ஓரங்களில் பேனாவால் கிறுக்கியதைக் கவனித்துப் படியுங்கள். "2 ரோல் ஈரம்", "பேலன்ஸ் நாளை", "45 கிலோ ரிட்டர்ன் - ஷேட்", "பழைய டி.சி. பார்க்கவும்". அச்சடித்த படிவத்துக்குள் அடங்காத நிஜம் முழுக்க அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கிறுக்கலும் உங்கள் ஆப் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி. விற்பனைக்கு வரும் மென்பொருள்கள் கோடவுனில் தோற்பதும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான்.

அப்புறம், ஆப்பிடம் கேட்கப் போகும் கேள்விகளை முழு வாக்கியமாக எழுதுங்கள். "இந்த ஆர்டரில் இந்தக் கலர் இன்னும் எத்தனை கிலோ, யாரிடம் பாக்கி?" "பத்து நாளுக்கு மேல் எந்த டையிங்கில் துணி நிற்கிறது?" "போன மாதம் எந்தப் பார்ட்டியில் பிராசஸ் லாஸ் (வேலையின்போது குறையும் எடை) ஒத்துக்கொண்டதைவிட அதிகம்?" மூன்று கேள்வி போதும். இந்த மூன்றுக்கும் உதவாத எந்தக் கட்டமும் முதல் வடிவத்தில் வேண்டாம்.

மூன்றாம் படி: ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. அட்டவணை சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் அதன்மேல் தானாக உட்காரும். அமையாவிட்டால் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

நாம் வழக்கமாக ஷீட் போடும் விதம் வேறு. ஒவ்வொரு டையிங்குக்கும் ஒரு தாள், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு ஃபைல், ஒவ்வொரு கலருக்கும் ஒரு நெடுவரிசை. கண்ணுக்கு நன்றாக இருக்கும். புதுக் கலர் வந்தால் நெடுவரிசை சேர்க்க வேண்டும், மாதம் மாறினால் பாக்கியைக் கையால் எடுத்து எழுத வேண்டும். இன்னும் பெரிய ஆபத்து, "பாக்கி" என்ற கட்டத்தில் பழைய எண்ணை அழித்துப் புது எண் போடுவது. அழித்தது யார், எப்போது, ஏன் என்று அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது.

இதற்கு மாறாக, நடந்த ஒவ்வொரு நிகழ்வும் ஒரு வரி. துணி போனால் ஒரு வரி. துணி வந்தால் ஒரு வரி. எழுதியதை அழிப்பதில்லை. பாக்கியை எங்கேயும் எழுதி வைப்பதில்லை, தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொள்வதுதான்.

இதற்கு நான்கு தாள்கள் வேண்டும்.

பார்ட்டி: பெயர், என்ன பிராசஸ், போன், ஒத்துக்கொண்ட லாஸ் சதவீதம்.

ஆர்டர்: ஆர்டர் எண், ஸ்டைல், கலர், தேவையான கிலோ. ஒரு ஆர்டரில் நான்கு கலர் என்றால் நான்கு வரி.

அனுப்பியது: அடையாள எண், தேதி, நம் டி.சி. எண், பார்ட்டி, எந்த ஆர்டர் வரி, வகை, தாய் வரி (மறுபடி போகும் துணி முதலில் போன வரி), ரோல், கிலோ, டி.சி. போட்டோ, பதிந்தவர், கணக்கு முடித்த தேதி, முடித்தவர்.

வந்தது: அடையாள எண், தேதி, பார்ட்டியின் டி.சி. எண், எந்த அனுப்பிய வரிக்கு எதிராக, ரோல், கிலோ, குறிப்பு, போட்டோ, பதிந்தவர்.

ஒரு லாட்டை, அதாவது ஒரே தடவையில் டையிங்குக்குப் போன துணியை வைத்து இதை ஓட்டிப் பார்ப்போம். ஜூன் 3-ல் நேவிக்கு 500 கிலோ கிரே போகிறது. அனுப்பியதில் ஒரு வரி. 9-ல் 212, 11-ல் 180, 14-ல் 80 கிலோ திரும்புகிறது. வந்ததில் மூன்று வரி, மூன்றும் அதே அனுப்பிய வரியைக் காட்டும். கூட்டினால் 472. குறைவது 28 கிலோ, அதாவது 5.6 சதவீதம். இது பிராசஸ் லாஸா, இன்னும் வர வேண்டிய துணியா? ஆப்புக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. டையிங்கிடம் பேசி, "இவ்வளவுதான், இனி வராது" என்று முடிவு செய்ய ஒரு மனிதர் வேண்டும். அதற்காகத்தான் "கணக்கு முடித்த தேதி, முடித்தவர்" என்ற இரண்டு கட்டங்கள். இவை இல்லாவிட்டால் ஒவ்வொரு லாட்டிலும் சில கிலோ என்றென்றைக்கும் "பாக்கி" என்று காட்டிக்கொண்டிருக்கும். சில மாதத்தில் பாக்கிப் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். லாட்டை முடிக்கும் உரிமை மேனேஜருக்கோ பொறுப்பான ஒருவருக்கோ மட்டும் இருக்கட்டும்.

இப்போது ஓரக் கிறுக்கல் ஒன்று: 16-ஆம் தேதி, வந்த துணியில் 45 கிலோ ஷேட் சரியில்லை என்று திரும்பப் போகிறது. 20-ல் 44 கிலோவாக வருகிறது. வந்த 472-லிருந்து 45-ஐக் கழித்து எழுதத்தான் கை வரும். வேண்டாம். அனுப்பியதில் புது வரி போடுங்கள், வகை "ரீபிராசஸ்", தாய் வரி ஜூன் 3 வரி. மொத்தம் போனது 545, வந்தது 516, வித்தியாசம் 29. லாஸ் கணக்கிடும்போது மட்டும் வகுக்கும் எண் 545 ஆகக் கூடாது, ஏனென்றால் அந்த 45 கிலோ ஏற்கெனவே 500-க்குள் இருந்த துணி. 29-ஐ 500-ஆல் வகுத்தால் 5.8 சதவீதம். 545-ஆல் வகுத்தால் 5.3 சதவீதம். அந்தப் பார்ட்டியோடு 5.5 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தால், அதிக லாஸுக்காகப் பார்ட்டிக்கு டெபிட் போடுவதா வேண்டாமா என்ற முடிவே மாறிப்போகும். "வகை" என்ற ஒரு சின்ன கட்டம் இதற்காகத்தான்.

சில நேரம் டையிங்கில் ஒரே டி.சி.யில் இரண்டு லாட் துணியைச் சேர்த்து அனுப்புவார்கள். அப்போது வந்ததில் இரண்டு வரியாகப் பிரித்துப் பதியுங்கள், டி.சி. எண் இரண்டிலும் ஒன்றே இருக்கட்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள், எல்லாமே பின்னால் தலைவலி தருபவை. டி.சி. எண் நெடுவரிசையை எழுத்து வடிவத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் 0047 என்பது 47 ஆகிவிடும். ஷீட்டின் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 3/6 என்பது மார்ச் 6 ஆகிவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. பார்ட்டி பெயரை யாரும் தட்டச்சு செய்யக் கூடாது, பட்டியலிலிருந்து தேர்வு மட்டும். புள்ளியோடு ஒன்று, இடைவெளியோடு ஒன்று என்று ஒரே டையிங் மூன்று பெயரில் பதிவானால், கணக்கில் அது மூன்று டையிங். கிலோ கட்டத்தில் "472 கி" என்று எழுத விடாதீர்கள், எண் மட்டும்தான். அடையாள எண்ணாக வரிசை எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். யாராவது ஷீட்டை வரிசைப்படுத்தினால் எல்லா இணைப்பும் இடம் மாறிவிடும்.

நான்காம் படி: கருவி

உங்கள் கம்பெனி ஏற்கெனவே எதில் இருக்கிறதோ அதையே எடுங்கள். கூகுள் மெயில் என்றால் கூகுள் ஷீட், அதன்மேல், ஷீட்டிலிருந்து போன் ஆப் கட்டித் தரும் ஆப்ஷீட். மைக்ரோசாஃப்ட் 365 என்றால் பவர் ஆப்ஸ். இரண்டும் இல்லை, எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் சோஹோ கிரியேட்டர். 2006 முதல் இருக்கும் கருவி அது, செய்வது சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட நம்மூர் நிறுவனம். மூன்றிலும் மேலே சொன்ன அட்டவணை அமைப்பு அப்படியே பொருந்தும்.

இங்கே ஆப்ஷீட்டை வைத்துச் சொல்கிறேன். கூகுள் 2020 ஜனவரியில் வாங்கிய நிறுவனம் அது. கோடவுனுக்கு அது பொருந்துவதற்குக் காரணம், சிக்னல் இல்லாதபோதும் பதிவை போனில் வைத்திருந்து, சிக்னல் வந்ததும் ஷீட்டுக்கு அனுப்பிவிடும். தகரக் கூரைக் கோடவுன்களில் இது பெரிய விஷயம். நாம் பழைய வரியைத் திருத்தாமல் புது வரி மட்டுமே சேர்ப்பதால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிக்னல் இல்லாமல் பதிந்தாலும் ஒருவர் பதிவை மற்றவர் பதிவு அழிக்காது. செய்து பார்க்கும் கட்டத்தில் 10 பேர் வரை காசில்லாமல் பயன்படுத்தலாம். நிரந்தரமாக ஓட்டும்போது ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வரும், அல்லது கம்பெனியின் வொர்க்ஸ்பேஸ் திட்டத்திலேயே சேர்ந்திருக்கும். எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொள்ளளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கூகுள் ஷீட்டில் ஒரு கோடி கட்டங்கள் வரை இருக்கலாம். தினம் 100 வரி, 15 நெடுவரிசை, ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 4.5 லட்சம் கட்டங்கள். பல ஆண்டுகள் தாங்கும். ஆப் அதற்கு வெகு முன்பே மெதுவாகிவிடும் என்பதால், முடிந்த ஆர்டர்களை ஆண்டுக்கு ஒருமுறை தனி ஃபைலுக்கு மாற்றிவிடுங்கள். வரம்பு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2020-ல் இங்கிலாந்து பார்த்தது. கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவ ஃபைலில் சேர்த்தார்கள். அந்த வடிவம் 65,536 வரிக்கு மேல் கொள்ளாது. மீதி வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் வரவில்லை.

ஐந்தாம் படி: போன் திரை

ஷீட்டை ஆப்ஷீட்டில் திறந்தால் அதுவே ஒரு முதல் வடிவத்தைக் கட்டிக் கொடுக்கும். நெடுவரிசைகளின் வகையைச் சரிபாருங்கள். கிலோ தசம எண், தேதி தேதி, பார்ட்டி என்பது பார்ட்டித் தாளோடு இணைந்த ரெஃப் (இன்னொரு தாளின் வரியைக் காட்டும் கட்டம்). வந்தது தாளில் "எந்த அனுப்பிய வரி" என்பதும் ரெஃப். இந்த இணைப்பைக் கொடுத்ததும், ஒரு லாட்டைத் தொட்டால் அதற்கு வந்த எல்லாத் தவணையும் கீழே வரிசையாகத் தெரியும். மெர்ச்சண்டைசரின் கேள்விக்கு அங்கேயே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

துணி இறங்கும் நேரத்தில், லாரி டிரைவர் அவசரப்படுத்த, ஒரு கையில் டி.சி.யோடு நிற்பவர்தான் இதை நிரப்பப் போகிறார். அவர் கை தொட வேண்டிய கட்டங்கள் ஐந்தாறுக்கு மேல் போகக் கூடாது. தேதி தானாக இன்றைய தேதி. பதிந்தவர் தானாக அவருடைய மெயில் ஐடி. முடிக்காத லாட்கள் மட்டுமே பட்டியலில் வரட்டும், முடிந்தவை மறையட்டும். டி.சி.யின் போட்டோவைக் கட்டாயமாக்குங்கள். எண் தப்பாகப் பதிந்தாலும் போட்டோ இருந்தால் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

வந்த கிலோ அனுப்பிய கிலோவைத் தாண்டினால் ஆப் பதிய விடாமல் தடுக்கலாம். தடுக்காதீர்கள். துணி ஈரமாக இருந்தால் எடை கூடும், எடைக் கல் வேறாக இருக்கும், லாட் மாறி வந்திருக்கும். தடுத்தால், நிற்கிற ஆள் வண்டியை அனுப்புவதற்காக ஆப் ஏற்கும் எண்ணாகப் பார்த்து ஒன்றைப் போட்டுவிடுவார். அதற்கப்புறம் உங்கள் ஷீட்டில் இருப்பது பொய்க் கணக்கு. உள்ளதை உள்ளபடி பதிய விடுங்கள், அந்த வரியைச் சிவப்பாகக் காட்டுங்கள். மேனேஜர் பார்த்துக் கேட்பார்.

ஆறாம் படி: ஏ.ஐ.யிடம் எழுதச் சொல்வதும், எழுதியதைச் சோதிப்பதும்

ஃபார்முலாவோ, ஷீட்டைத் தானாக வேலை செய்ய வைக்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்டோ எழுதத் தெரியாவிட்டால் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மூன்றில் எதையும் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். "எனக்கு ஒரு ஃபேப்ரிக் ஆப் வேண்டும்" என்று கேட்டால் யாருக்கோ பொருந்தும் ஒன்று வரும். தாள்களின் பெயர், நெடுவரிசைகளின் பெயர், ஐந்தாறு மாதிரி வரிகள், வர வேண்டிய விடை எல்லாவற்றையும் கொடுங்கள். மேலே பார்த்த நேவி லாட்டைக் கொடுத்து, "விடை 5.8 சதவீதம் வர வேண்டும்" என்று சொல்லுங்கள். மாதிரி வரிகளில் உண்மையான பையர் பெயர், பார்ட்டி பெயர், ரேட் எதுவும் வேண்டாம். "டையிங் 1", "ஆர்டர் 2" போதும்.

வந்த புரோகிராம் ஓடுகிறது என்பதால் சரி என்று ஆகிவிடாது. ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று விளக்கச் சொல்லிப் படியுங்கள். அப்புறம், முடிந்த பத்துப் பதினைந்து லாட்களைக் கையால் கணக்கிட்டு, ஆப் தரும் விடையோடு ஒப்பிடுங்கள். சிக்கலான லாட்களையே தேர்ந்தெடுங்கள்: ரீபிராசஸ் ஆனது, ஒன்றுமே வராதது, ஒரே நாளில் இரண்டு தவணை வந்தது, மாதக் கடைசியில் போய் அடுத்த மாதம் வந்தது. ஒரு கிலோ வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஃபார்முலா எல்லா வரிகளையும் எடுத்துக்கொள்கிறதா என்று தனியாகப் பாருங்கள். 2010-ல் கார்மன் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அரசுக் கடன் பற்றி எழுதிய கட்டுரையை உலக நாடுகளின் நிதிக் கொள்கை விவாதங்களில் பலர் மேற்கோள் காட்டினார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களுடைய எக்ஸெல் ஃபைலைத் திறந்து பார்த்தபோது, 30-ஆம் வரி முதல் 49 வரை எடுக்க வேண்டிய சராசரி 44-ஆம் வரியோடு நின்றிருந்தது தெரிந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. உங்கள் ஷீட்டில் இதற்கு எளிய காவல் உண்டு. வரி எண்களைக் குறிப்பிடாமல் முழு நெடுவரிசையையும் எடுங்கள். ஒரு ஓரத்தில் "மொத்த வரிகள், கணக்கில் வந்த வரிகள்" என்று இரண்டு எண்களைக் காட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் சிவப்பு.

ஏழாம் படி: காலை அறிக்கை

ஆப்பைத் திறந்து பார்க்காதவர்களுக்கும் தகவல் போக வேண்டும். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நேர டிரிக்கர் (குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்கும் வசதி) ஒன்று வைத்து, தினமும் காலையில் ஒரு மெயில் அனுப்பச் சொல்லலாம்: பத்து நாளுக்கு மேல் நிற்கும் லாட்கள், டையிங் வாரியாக, பழையது மேலே. 8 முதல் 9 என்று வைத்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்போதாவது ஓடும், சரியாக எட்டு மணிக்கு என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்கிரிப்டின் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் நாள் கணக்கு ஒன்று தள்ளிப் போகும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் இப்படி அனுப்ப முடியும், நமக்கு அது போதும்.

இதே அறிக்கையில் இன்னொரு வரியும் சேருங்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு ஆண்டுக்குள் திரும்பி வர வேண்டும் என்கிறது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவு. வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றதாகக் கருதி வரி கேட்க முடியும். 300 நாள் தாண்டிய எந்த லாட்டும் முடியாமல் கிடந்தால் தனியாகக் காட்டட்டும். ஜாப் ஒர்க் விவரம் தரும் ஐ.டி.சி.-04 ஜி.எஸ்.டி. படிவம் போடும் நேரத்தில் உங்கள் அக்கவுன்டன்ட்டுக்கும் இந்த ஷீட் கைகொடுக்கும். ஆனால் ஆப் டி.சி.க்கு மாற்று ஆகாது. வரிசை எண்ணோடு மூன்று பிரதி டி.சி. போட வேண்டும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. புக் தொடரட்டும்.

எட்டாம் படி: நோட்டும் ஆப்பும் சேர்ந்தே ஓடட்டும்

ஒரு ஆர்டரை மட்டும் எடுத்து, அது முடியும் வரை நோட்டிலும் ஆப்பிலும் பதியுங்கள். தினமும் சாயங்காலம் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டு வேலையாக இருக்கிறது என்று முணுமுணுப்பு வரும், நியாயம்தான். அதனால்தான் ஒரு ஆர்டர் மட்டும்.

முதல் நாட்களில் கோடவுனில் போய் நில்லுங்கள். சொல்லிக் கொடுப்பதைவிட, அவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்று பார்ப்பதுதான் வேலை. "ஏனுங்க தம்பி, வண்டி நம்பரு எங்கீங்க போடறது?" என்று அங்கே பல வருடமாக நிற்கும் அண்ணன் கேட்டால், "அது வேண்டாங்கண்ணா, போட்டோவுல இருக்குதுங்க" என்பது ஒரு பதில். "எதுக்குங்கண்ணா கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பது அதைவிட நல்ல பதில். வாடகை பில் வரும்போது அந்த நம்பர் இல்லாமல் அவர் மாட்டிக்கொள்கிறார் என்று அப்போதுதான் தெரியவரும். அந்தக் கட்டத்தை அன்று சாயங்காலமே சேர்த்து மறுநாள் காட்டினால், அவர் அதைத் தன் ஆப் என்று எடுத்துக்கொள்வார். வெளியிலிருந்து மென்பொருள் வாங்கும்போது கிடைக்காதது இந்த வேகம்.

ஒன்பதாம் படி: முதலாளி, கணக்கு, பூட்டு

ஆப் நன்றாக ஓடிய பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருக்காதீர்கள். தாளில் மூன்று கேள்விகளை எழுதிய அன்றே முதலாளியிடமோ மேனேஜரிடமோ காட்டி அனுமதி வாங்குங்கள். துணிக் கணக்கு கம்பெனியின் ரகசியம்.

எல்லாமே கம்பெனியின் மெயில் கணக்கில் தொடங்கப்பட வேண்டும், உங்கள் சொந்த ஜிமெயிலில் கூடாது. டி.சி. போட்டோக்கள் ஆப்பின் உரிமையாளரின் டிரைவில்தான் சேரும். நீங்கள் வேலை மாறினாலோ உங்கள் கணக்கு பூட்டப்பட்டாலோ கோடவுன் நின்றுவிடக் கூடாது. வேலையின் பகுதியாகச் செய்த மென்பொருளின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வேலை கொடுத்தவருக்கே என்பதும் தெரிந்திருக்கட்டும். இதைப் பிறகு வெளியே விற்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷீட்டில் "லிங்க் உள்ள எவரும்" என்ற பகிர்வை அணைத்துவிடுங்கள். ரேட் நெடுவரிசையை மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. ஷீட்டைத் திருத்த உரிமை உள்ள யாரும் அதைத் திறந்துவிடலாம். ஆப்ஷீட்டில் ஸ்லைஸ் போட்டு வடிகட்டுவதும் பார்வைக்குத்தான், தகவல் போனுக்கு வந்துவிடும். அதற்கு, தகவலைப் போனுக்கே அனுப்பாமல் தடுக்கும் செக்யூரிட்டி ஃபில்டர் வேண்டும். ரேட்டைத் தனி ஃபைலில் வைப்பது இன்னும் நல்லது. தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு எதையும் இதற்குள் கொண்டுவராதீர்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகள்மேல் பொறுப்பு வைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அந்த விவரத்தை நம்பிக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.

மாதம் ஒருமுறை எல்லாத் தாள்களையும் எக்ஸெல் ஃபைலாக இறக்கி, கம்பெனிக் கணிப்பொறியிலும் வெளி டிஸ்கிலும் வையுங்கள். இறக்கியதைத் திறந்தும் பாருங்கள். திறக்க முடியாத பேக்கப் பேக்கப் இல்லை.

மாற்றங்களை ஓடும் ஆப்பில் நேரடியாகச் செய்யாதீர்கள். ஒரு நகலில் செய்து, அந்தச் சிக்கலான லாட்களை மறுபடி ஓட்டிப் பார்த்து, விடை மாறவில்லை என்றால் மட்டும் உண்மையான ஆப்புக்குக் கொண்டுவாருங்கள். என்ன மாற்றினீர்கள், எப்போது, யார் கேட்டு என்று ஒரு தாளில் வரி வரியாக எழுதி வையுங்கள். இன்னொருவருக்கு முழுதாகச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் லீவில் இருக்கும் நாளில் அவர் ஒரு கட்டம் சேர்க்க முடிகிறதா என்பதுதான் சோதனை.

பத்தாம் படி: கை மாற்றும் நேரம்

ஆப் ஓடத் தொடங்கியதும் பக்கத்து மேஜைகளிலிருந்து கேட்பார்கள். "நூல் ஸ்டாக்கும் சேர்த்துவிடலாமா?", "டிரிம்ஸ் (பட்டன், லேபிள்)?", "கட்டிங் பீஸ் கணக்கு?" நூல் ஸ்டாக்கைச் சேர்க்கலாம், அதுவும் கிலோதான், அதே போக்குவரத்துதான். பீஸ் கணக்கு வேறு உலகம். கிலோ பீஸாக மாறும் இடத்தில் மார்க்கர் (துணியை வெட்டும் வரைபடம்), சைஸ் ரேஷியோ, செகண்ட்ஸ் (குறையுள்ள பீஸ்) எல்லாம் உள்ளே வரும். அதை இந்த ஷீட்டுக்குள் திணிக்காமல் தனி ஆப்பாக, மறுபடி ஓரக் கிறுக்கல்களிலிருந்து தொடங்குங்கள்.

டேலியோடு தானாகப் பேச வேண்டும், டெபிட் நோட் தானாகப் போட வேண்டும், இரண்டு மூன்று யூனிட் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற நிலை வந்தால், அது உங்கள் பகுதி நேர வேலையாக இருக்க முடியாது. புரோகிராமரைக் கூப்பிடுங்கள். அப்போது அவரிடம் கொடுக்க உங்கள் கையில் நான்கு தாள், ஓர் ஆண்டு உண்மையான பதிவுகள், விடையோடு கூடிய சோதனை லாட்கள், மாற்றங்களின் பட்டியல் எல்லாம் இருக்கும். விலை பேசும்போது முதல் நிபந்தனையாக ஒன்றை எழுதுங்கள்: புது மென்பொருள் அந்தச் சோதனை லாட்கள் ஒவ்வொன்றுக்கும் அதே விடையைத் தர வேண்டும், ரீபிராசஸ் ஆன நேவிக்கு 5.8 சதவீதம் உட்பட. தரும் வரை பழைய ஆப்பும் ஓடட்டும்.